பச்சைத் தீர்த்தம்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜவ்வாது மலையிலிருந்து சந்தவாசலுக்கு இறங்கி வரும் பேருந்தில் மனிதர்கள் நின்றுகொண்டு வருவார்கள். பூந்தொட்டிகள் உட்கார்ந்துகொண்டு வரும். கைக்குழந்தைக்காரிக்கு இடம் தராதவர்கள்கூட ஆர்க்கிட் தொட்டியைக் கண்டால் எழுந்துவிடுவார்கள். "ஒக்காரும்மா, வேர் ஒடஞ்சிடப் போவுது." வேர் ஒடிந்தால் குடும்பம் ஒடிந்துவிடுமே! வேர்ச்சாமி அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

வேர்ச்சாமியின் பெயர் பஞ்சாட்சரம். போன வருடம் வரை செங்கத்தில் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தார். அப்போது யாரும் அவரைச் சாமி என்று கூப்பிடவில்லை. "இன்னாண்ணே, கொஞ்சம் கொறைச்சுக்கோ" என்றுதான் கூப்பிட்டார்கள். பிறகு சந்தவாசல் பக்கம் வீட்டுக்கு வீடு ஆர்க்கிட் வளர்க்கும் ஆசை வந்தது. வாரக்கணக்கில் வாடாத ஊதாப்பூ. ஜன்னலோரம் வைத்தால் வீட்டுக்கே ஒரு களை. ஆனால் வேரை அடக்கமாக உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாத செடி அது. தொட்டிக்கு வெளியே விரல் விரலாக நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து ஜனங்கள் மிரண்டார்கள். மிரண்ட ஜனங்களைப் பார்த்துப் பஞ்சாட்சரம் காவி கட்டினார்.

வேர் வெளியே நீண்டால் வீட்டுப்பெண் வெளியேறுவாள். வேர் வெளுத்தால் தாலிக்கு ஆபத்து. இதுதான் வேர்க்குறி. பரிகாரம், சாமி மந்திரித்துத் தரும் பச்சைத் தீர்த்தம். வெளுத்த வேரில் அதைத் தெளித்தால் எல்லார் கண்ணெதிரிலும் வேர் பச்சைப்பசேலென்று மாறும்! இதைப் பார்த்த பிறகும் நம்பாமல் இருக்க மனிதர்கள் என்ன கல்லா?

பிலோமினாள் கல் அல்ல. மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவள்; குறி கேட்பது பாவம் என்று அழுத்தந்திருத்தமாகச் சொல்லிக்கொடுப்பவள். ஆனால் இது குறியா? செடிக்கு வைத்தியம்தானே? இப்படித் தன் மனச்சாட்சியைத் தட்டித் தூங்கவைத்துவிட்டு, பூசைக்குப் போடும் முக்காட்டை இன்னும் ஒரு சாண் இறக்கிக்கொண்டு, தொட்டியோடு சந்தவாசல் பேருந்து நிறுத்தத்தில் சாமியின் வரிசையில் நின்றாள்.

எல்லாம் மகள் சில்வியாவுக்காக. படவேட்டில் செடி நர்சரி வைத்திருக்கும் ஆபேலுக்கும் அவளுக்கும் நிச்சயம் முடிந்து, கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்று ஞாயிறு ஓலை வாசித்து யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம். நிச்சயத்தன்று ஆபேல் மோதிரத்தோடு ஓர் ஆர்க்கிட் தொட்டியும் கொடுத்திருந்தான். அதன் வேர்கள்தான் இப்போது வெளுத்துப்போய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"யார் குடுத்த தொட்டிம்மா இது?"

"மாப்பிள்ளையா வரப்போறவர் குடுத்தது சாமி."

சாமி கண்ணை மூடித் திறந்தார். "வேர் வெளிய போவுது. பொண்ணும் போவும். வெளுப்பு இன்னா நிறம்? தாலியறுத்தவ கட்டற நிறம்."

"ஐயோ, மாதாவே!"

"மாதாவும் நமக்குத் தாய்தாம்மா. பயப்படாத." சாமிக்கு எல்லா வீட்டிலும் சொந்தம் உண்டு. தீர்த்தத்தைத் தெளித்தார், வேர் பச்சையானது, பிலோமினாளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "இந்த பாட்டில எடுத்துக்கினு போ. வேரெல்லாம் உள்ள திணிச்சு மண்ணு போட்டு மூடு. வேளாவேளைக்குத் தீர்த்தம் ஊத்து. அப்பறமும் வெளுத்துதுன்னா இந்தச் சம்பந்தம் வேணாம், வுட்டுடு."

பிலோமினாள் ஊற்றினாள். ஜெபமாலை சொல்லிக்கொண்டே ஊற்றினாள். ஒரே ஒரு வேர் மட்டும் எவ்வளவு திணித்தும் உள்ளே போகாமல் முறுக்கிக்கொண்டு நின்றது. ஊற்றியதும் பச்சையாகும், மத்தியான வெயிலுக்கு மறுபடி வெளுத்துவிடும். செடியின் இலைகளோ மஞ்சளாகத் தொங்க ஆரம்பித்தன. அவள் நேரே பங்குச் சாமியாரிடம் போனாள். "ரெண்டாவது ஓலைய நிறுத்தி வைங்க ஃபாதர். வூட்டுல ஒடம்பு சரியில்ல."

செய்தி அன்று மாலையே சில்வியாவின் காதுக்கு வந்தது.

"ஆபேல் இன்னாம்மா தப்பு செஞ்சார்?"

"அவர் தங்கமான புள்ளதான். வேர்தான் சரியில்ல."

"நான் வேரையா கட்டிக்கப் போறேன்?"

"வெளுப்பு தாலியறுத்தவ நிறமாம்டி!"

"உன் கல்யாணத்துல நீ இன்னா நிறத்துல பொடவை கட்டுன?"

பிலோமினாளின் கண் தானாகச் சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவுக்குப் போனது. முக்காடு, புடவை, கையுறை எல்லாம் வெள்ளை. வெள்ளை உடுத்தித்தான் கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள்! பேப்பருக்குப் பின்னாலிருந்து அவள் கணவர் அமலநாதன் சொன்னார், "நானும் இன்னிவரைக்கும் உசுரோடதான் கீறேன்."

"நீங்க சும்மா இருங்க." அவள் பாட்டிலை எடுத்து வேரில் ஊற்றினாள். "இத பாருங்க, பச்சையாவுதா இல்லையா? அப்ப இதுக்கு இன்னா சொல்றீங்க?"

அமலநாதன் பேப்பரை மடித்தார். தொண்டையைக் கனைத்தார். "பிலோமி... அந்தத் தீர்த்தத்த நேத்தே பிரஷர் மாத்திரைக்கு நான் குடிச்சிட்டேன். நீ கத்துவியேன்னு குழாயில புடிச்சு வெச்சேன். இது வெறும் பச்சத் தண்ணி."

பச்சைத் தண்ணி. பிறந்ததிலிருந்து சொல்லிவந்த சொல்லை அன்றுதான் முதல்முறை கேட்பவள்போல் பிலோமினாள் நின்றாள்.

அடுத்த ஞாயிறு மகளையும் கூட்டிக்கொண்டு சாமியிடம் போனாள். சண்டைக்கு அல்ல. சந்தேகத்துக்கு. "சாமி, தீர்த்தம் தீந்துபோய் குழாத் தண்ணி ஊத்தினேன். அதுக்கும் பச்சையாச்சு. நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா?"

கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. சாமி சிரித்தார். "பாட்டில்ல சக்தி ஒட்டிக்கினு இருக்கும்மா."

'ஆகா' என்றது கூட்டம். சக்தி என்ன, பிசினா ஒட்டிக்கொள்ள என்று யாரும் கேட்கவில்லை.

சில்வியா பணிவாகக் கேட்டாள். "அப்போ, உங்க கை படாத தண்ணிய ஊத்தினா வேர் மாறாது, இல்லீங்களா?"

"மாறவே மாறாது! கருகிப்பூடும்!"

வாயை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு வரும் கஷ்டம் இதுதான். சில சமயம் ஒரு வார்த்தை கூடுதலாக விழுந்துவிடுகிறது. வரிசையில் மலைக்காரி மங்கம்மாள் நின்றிருந்தாள். இடுப்பில் தொட்டி, கையில் அப்போதுதான் வாங்கிய கோலி சோடா. வேடிக்கை பார்க்கவென்றே மலையிறங்கி வருகிறவள். "இந்தா கண்ணு, இதுல அவர் கை படல. என் தொட்டியிலயே ஊத்து. கருகுனா கருகட்டும்."

சில்வியா கோலியை அமுக்கினாள். சோடா சீறியடித்து வேரிலும் விழுந்தது, பக்கத்தில் நின்ற சாமியின் வேட்டியிலும் விழுந்தது. கூட்டம் எட்டிப் பார்த்தது. வெள்ளிபோலிருந்த வேர் மெல்ல மெல்லப் பச்சையானது.

"அடியாத்தே, சோடா சாமி!" என்றாள் மங்கம்மாள்.

அவ்வளவுதான். ஆளாளுக்குக் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள். ஒருவர் இளநீரைவிட்டுப் பார்த்தார். வேர்களுக்குச் சாதி மதம் கிடையாது. எதை ஊற்றினாலும் பச்சையாயின.

"நான் இங்க நிக்கறதாலதான்..." என்று ஆரம்பித்தார் சாமி.

"அப்போ எங்க வூட்டுக்கும் வந்து நின்னீங்களா?" கேட்டது சில்வியா அல்ல, பிலோமினாள். முக்காடு தோளில் கிடந்தது. மறைக்கல்வி வகுப்பில் பின்வரிசைப் பிள்ளைகளை உட்காரவைக்கும் அதே குரல்.

சாமி தீர்த்தப் பாட்டில்களைப் பைக்குள் அள்ளினார். அதற்குள் மங்கம்மாள் அவர் வேட்டியைக் காட்டினாள். சோடா பட்ட இடமெல்லாம் காவிச் சாயம் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. "வேர் பச்சையாச்சு, சாமி வெளுத்துட்டாரு! நாலு சொட்டு தீர்த்தம் வுடுங்கப்பா!"

கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் சாமி புறப்பட்ட பேருந்தில் தொற்றிக்கொண்டார். அன்று அவருக்கு யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை.

"அப்ப வேர் ஏன்தான் வெளுக்குது?" என்று ஒருவர் கேட்டார்.

"மேல பஞ்சு மாதிரி ஒரு தோல் இருக்குதுங்க. காஞ்சா வெளுக்கும், நனைஞ்சா உள்ள இருக்கற பச்சை தெரியும்" என்றாள், ஆபேலிடம் கேட்டுவைத்திருந்த சில்வியா. "வெளுத்தா தாகம்னு அர்த்தம். சாவுன்னு இல்ல."

தாயும் மகளும் தொட்டியோடு நேரே படவேட்டுக்குப் போனார்கள். ஓலை நின்ற சேதி ஆபேல் காதுக்கும் போயிருந்தது. "உக்காருங்க அத்தை" என்று நாற்காலி போட்டுவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்தான். சேறும் நாற்றமுமாக மண் கொட்டியது. "மூச்சு முட்டி அழுகியிருக்குது. மரத்துல ஒட்டிக்கினு காத்துல வேர் தொங்கவிடற செடி இது, மண்ணே ஆவாது. தொட்டுப் பாருங்க அத்தை. கொழகொழன்னு இருக்கறத வெட்டிடணும். கெட்டியா இருந்தா அதுல உசுரு கீது."

பிலோமினாள் ஒவ்வொன்றாகத் தொட்டாள். அவள் கையால் பக்தியோடு புதைத்தது எல்லாம் கொழகொழத்திருந்தது. அடம்பிடித்து வெளியே நின்ற அந்த ஒரே வேர்தான் கெட்டியாக இருந்தது.

"சொன்ன பேச்சு கேக்காதது பொழச்சிக்கிச்சு" என்றாள் சில்வியா, அம்மாவைப் பார்க்காமல். ஆபேலின் கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றது. அவன் அவளைப் பார்த்த பார்வையை, பிலோமினாள் பார்க்காததுபோல் பார்த்துவிட்டாள்.

பக்கமெல்லாம் துளை போட்ட தொட்டியில் மரப்பட்டைத் துண்டும் கரித்துண்டும் போட்டுச் செடியை நட்டான் ஆபேல்.

"தண்ணி எப்ப ஊத்தறதுப்பா?"

"வேர் வெளுத்தப்போ, அத்தை. அதுக்கு முன்னாடி வேணாம்."

பிலோமினாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த பூசையில் இரண்டாவது ஓலை வாசிக்கப்பட்டது. "வீட்டுல ஒடம்பு சரியாயிடுச்சா?" என்று விசாரித்தார் பங்குச் சாமியார்.

"ஆயிடுச்சு ஃபாதர். எனக்குத்தான் தலையில கொஞ்சம் கோளாறு இருந்தது."

பஞ்சாட்சரம் இப்போது எங்கோ தூரத்து ஊரில் கற்றாழை முள்ளுக்குக் குறி சொல்கிறாராம், நல்ல கூட்டமாம். போகிறவர்கள் போகட்டும். கிளம்பும் முன் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிப் பார்த்துவிட்டால் நல்லது. அப்போதும் ஒன்றும் தெளியாவிட்டால், அடுத்த சொம்பைத் தலையில் ஊற்றிக்கொள்ளலாம்.