எந்தப் பசை?

நம் ஊர்களில் விசாரித்துச் செய்பவர் என்று ஒரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தலைவலி மாத்திரை வாங்க ஊரிலுள்ள மருந்துக்கடைகளையெல்லாம் ஏறி இறங்குவார். அதற்குள் தலைவலி தானாகவே போய்விடும். "பாத்தீங்களா, அவசரப்பட்டு வாங்கியிருந்தா வீணாப் போயிருக்கும்" என்று உங்களையே சாட்சிக்கும் அழைப்பார். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "விசாரிச்சுச் செய்யலாங்க." விசாரிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். செய்ததைப் பார்த்தவர் யார்?

இந்த இனத்தின் முழு உருப்படி ஒன்று இண்டூரில் இருக்கிறது. பெயர் தமிழ்ச்செல்வன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். ஒரு சந்தை நாளில், குச்சிக்கிழங்கு மூட்டை ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று இவருடைய பழைய காரில் பின்னால் வருவதைக் காட்டும் வலதுபக்கக் கண்ணாடியைப் போகிற போக்கில் உரசிவிட்டுப் போனது. நல்ல வேளை, கண்ணாடியில் கீறல்கூட இல்லை. கூட்டிலிருந்து கழன்று மண்ணில் விழுந்தது, அவ்வளவுதான். உங்களையும் என்னையும் போன்றவர்கள் என்ன செய்வோம்? மண்ணைத் துடைத்து, ஒட்டிவிட்டு, அடுத்த வேலையைப் பார்ப்போம்.

அவர் மனைவி கலைமதியும் அதைத்தான் சொன்னார். "ஏங்க, ஒரு ஃபெவிக்விக் வாங்கி ஒட்டித் தொலைங்களேன்."

"அவசரப்படாத. ஒட்டறது பெருசில்ல. எதால ஒட்டறோம்ங்கறதுதான் பெருசு. விசாரிச்சுச் செய்யலாம்."

அவசரப்படக் காரணம் இருக்கத்தான் செய்தது. தங்கை அன்பரசியை ஓமலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த அவள் பிள்ளைக்குக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக நாள் குறித்தாகிவிட்டது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அவளோடு கூடப்பிறந்தவர் தமிழ்ச்செல்வன் ஒருவர்தான். இத்தனை வருடம் புகுந்த வீட்டில் குத்தல் பேச்சைக் கேட்டுச் சலித்தவள், அண்ணன் சீர்த்தட்டோடு காரில் வந்து இறங்குவதை அத்தனை பேரும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதில் என்ன தப்பு?

"அண்ணா, நீ நேரமாவே வந்துருண்ணா. ஒன் மடியிலதான் குத்தணும்" என்றாள் போனில்.

"வராம இருப்பனா, அன்பு? நடுவுல தொப்பூர் எறக்கம் இருக்குது பாரு, பின்னால வர்ற லாரி தெரியணும். அதுக்குக் கண்ணாடி வேணும். ஆமா, மாப்ள கார் வெச்சிருக்காரே, கண்ணாடி ஒட்ட எந்தப் பசை நல்லதுன்னு அவரக் கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

தங்கை எப்படி இருக்கிறாள், பிள்ளைக்குப் போன வாரம் வந்த காய்ச்சல் விட்டதா என்பதெல்லாம் விசாரிப்பில் சேராது போலும். அவள் சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அதன் பிறகு தொடங்கியது பசைப் படலம். கண்ணாடியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தர்மபுரிக்குப் போவதும், பெயின்ட் கடை, டைல்ஸ் கடை, மீன்தொட்டி விற்கும் கடை என்று ஒவ்வொரு படியாக ஏறி அதைப் பிரித்துக் காட்டுவதும், ஒரு கடையில் சொன்னதை அடுத்த கடையில் சொல்லிக் கடைக்காரர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதும், வீட்டுக்கு வந்து யூடியூபில் ஒரு வெள்ளைக்காரன் தன் கார் கண்ணாடியை ஒட்டுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "அவன் ஊர்ல பனி, நம்ம ஊர்ல தாரு உருகற வெயிலு, இது செல்லாது" என்று தள்ளுபடி செய்வதுமாக ஓய்வே இல்லை. வாத்தியார்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். எபாக்சி என்றார்கள், சிலிக்கான் என்றார்கள், இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் என்றார்கள். ஓய்வுபெற்ற ஒருவர் காரையே மாற்றச் சொன்னார். மற்றவர்கள் காலை வணக்கம் சொன்னார்கள்.

பெயின்ட் கடை மாரியப்பன் பாவம், பொறுமைசாலி. "சார், இதுல ஒட்டுங்க, நிக்கும்."

"எவ்வளவு வெயில் தாங்கும்?"

"நம்மூரு வெயில் தாங்கும் சார்."

"அதிர்வு?"

"சார், நீங்க ஒட்டப்போறது கண்ணாடிதானுங்களே? பாலம் இல்லீங்களே?"

வாங்கினாரா? வாங்கினார். எல்லாவற்றிலும் ஒன்று வாங்கினார். அறிவியல் வாத்தியார் சோதித்துப் பார்க்காமல் முடிவெடுக்கலாமா? தாளிப்புக் கரண்டியின் கழன்ற பிடி ஒட்டியது. சாமி படத்தின் சட்டம் ஒட்டியது. கலைமதியின் செருப்பு வார் ஒட்டியது. உப்பு ஜாடியின் மூடியும் ஒட்டியது. அது ஒட்டியிருக்கக் கூடாது. வீட்டில் ஒட்டாமல் மிச்சமிருந்தது கார் கண்ணாடி ஒன்றுதான்.

காது குத்தும் நாள் விடிந்தது. அன்றைக்குத்தான் தமிழ்ச்செல்வனுக்கு ஞானமும் விடிந்தது. எந்தப் பசை என்று முடிவாகிவிட்டது! குளித்து, பட்டு வேட்டி கட்டி, காரின் அருகே போய், பசையைத் தடவி, கண்ணாடியைக் கூட்டில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கலைமதி சீர்த்தட்டுகளோடு வெளியே வந்து பார்த்து, வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏங்க, கெளம்பலீங்களா?"

"கைய எடுத்தா நழுவிடும். காயணும்."

அந்த நேரம் பார்த்து முனிராஜ் கார் வந்து நின்றது. தமிழ்ச்செல்வனின் பெரியப்பா மகன், வயதில் இவருக்கு இளையவன். அவனும் அதே விசேஷத்துக்குத்தான் கிளம்பியிருந்தான். அவன் கார் கண்ணாடியும் எப்போதோ உடைந்ததுதான். சைக்கிள் டியூபைக் கிழித்து வரிந்து கட்டியிருந்தான்.

"ஏறுங்க அண்ணி. அண்ணா, நீயும் ஏறுண்ணா, ஒரே வண்டியில போயிரலாம்."

தமிழ்ச்செல்வன் அந்த ரப்பர்க் கட்டைப் பார்த்தார். சிரிப்பு வந்தது. "இத வெச்சிக்கிட்டா தொப்பூரு எறங்கப் போற?"

"நேத்துக்கூட எறங்குனேனே."

"அதிர்ஷ்டம்டா. நீங்க முன்னால போங்க. நான் பின்னாலயே வந்துடறேன்."

"தட்டு மட்டும் போயி என்னாங்க பண்றது? மாமன் மடிதானுங்களே வேணும்?" என்றார் கலைமதி. வாத்தியார் கண்ணாடியின் ஓரத்தில் பசை பிதுங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கலைமதி தட்டுகளோடு முனிராஜின் காரில் ஏறினார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. அடங்கி மறுபடி அடித்தது. யார் என்று அவருக்குத் தெரியும். இரண்டு கையும் கண்ணாடியில் இருந்தன; எப்படி எடுப்பார், சொல்லுங்கள்? பசை அட்டையில் அச்சிட்டிருந்த நேரம் முழுக்கக் காய்ந்த பிறகே கையை எடுத்தார். அழுத்திப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. தொப்பூர் இறக்கத்தில் பின்னால் வந்த லாரிகளெல்லாம் கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் வழிவிட்டு, பசைக்கு நோகாமல், ஊர்ந்து போய்ச் சேர்ந்தார்.

கோயிலில் கடைசிப் பந்தியும் எழுந்துவிட்டது. நல்ல நேரம் முடியப்போகிறது, கூடப்பிறந்த மாமனைக் காணோமே என்று மாமியார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாராம். அன்பரசி வாசலைப் பார்த்துப் பார்த்து நின்றுவிட்டு, கடைசியில் முனிராஜிடம்தான் பிள்ளையைக் கொடுத்தாளாம். இப்போதும் பிள்ளை அவன் மடியில்தான் இருந்தான். மொட்டைத் தலையில் சந்தனம், காதில் புதுக் கடுக்கன், கையில் பாதி லட்டு. தமிழ்ச்செல்வன் கையை நீட்டினார். பிள்ளை முகத்தைத் திருப்பி முனிராஜின் சட்டையில் புதைத்துக்கொண்டான்.

அன்பரசி வந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்து, அதற்கான விளக்கங்களை வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தார் வாத்தியார். அவள் திட்டவில்லை.

"வாங்க. கண்ணாடி நல்லா ஒட்டிக்கிச்சுங்களா?"

"அசைக்கவே முடியாது அன்பு! நீ வேணா வந்து..."

"சந்தோசமுங்க. கை கழுவிட்டு உக்காருங்க, எல போடச் சொல்றேன்."

நேற்றுவரை "வாண்ணா, போண்ணா, நீ" என்று வாய் ஓயாமல் பேசிய தங்கை. வழியில் போகிறவர்களுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் வைத்திருக்கிற அந்த "ங்க"வை எடுத்து அண்ணனுக்கு வைத்துவிட்டுப் பந்தி நடந்த பக்கம் போய்விட்டாள். பளாரென்று அறைந்திருந்தால்கூட தமிழ்ச்செல்வனுக்கு இவ்வளவு வலித்திருக்காது. தனியாக இலை முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, இதை எதை வைத்து ஒட்டுவது என்று முதல்முறையாக யாரிடமும் கேட்கத் தெரியாமல் விழித்தார்.

இப்படியும் ஒரு மனிதரா என்று நீங்கள் தலையை ஆட்டுகிறீர்கள். நன்றாக ஆட்டுங்கள். ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்: கடைசியில் அவர் எந்தப் பசையில்தான் ஒட்டினார், கதை சொல்கிற இந்த ஆள் அதைச் சொல்லவே இல்லையே என்று நடுவில் உங்களுக்கு உறுத்தவில்லையா? உறுத்தியிருந்தால் இதை மூடி வைத்துவிட்டு, கூடப்பிறந்தவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். எடுத்ததும் "சொல்லு" என்கிறார்களா, "சொல்லுங்க" என்கிறார்களா என்று மட்டும் கவனியுங்கள்.