கரடியார் வாய்க்குள் போன அத்திப்பழம்

ஒரு காட்டில் தேர்தல் வந்தது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், மரங்களாவது மிஞ்ச வேண்டாமா? ஆலமரத்துப் பேனரில் நரியார் சிரித்தார், வேங்கைமரத்துப் பேனரில் கரடியார் கும்பிட்டார், நடுவே கொடியும் தோரணமும். பாறைக்குப் பாறை ‘முன்பதிவு’ என்று சுண்ணாம்பால் எழுதியிருந்தது. தன் வீடு எதுவென்று தெரியாமல் முயல் பக்கத்து வளையில் போய்ப் படுத்துக்கொண்டது.

இதில் வசமாக மாட்டியது இருளப்பன் என்கிற இருவாச்சிப் பறவைதான். அந்த இனத்தில் ஒரு வழக்கம். முட்டையிடும் காலத்தில் மனைவி மரப்பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் பூசிக்கொள்வாள். சின்னக் கீறல் மட்டும் விடுவாள். புருஷன் அதன் வழியாகத்தான் பழம் ஊட்ட வேண்டும். அன்று அத்திப்பழத்தோடு திரும்பிய இருளப்பனுக்குப் பொந்தே தெரியவில்லை. அடிமரம் முழுக்கக் கரடியாரின் பேனர்.

“ஏங்க, பகல்லயே இருட்டிப்போச்சே, என்ன ஆச்சு?” என்று உள்ளேயிருந்து பூவாயி கேட்டாள்.

“தேர்தல் வந்திருக்கு புள்ள.”

“அது எப்ப போகும்? குஞ்சு பசியில கத்துதுங்க.”

இருளப்பன் பேனர் கயிற்றில் அலகை வைத்தான். காவலுக்கிருந்த குரங்குத் தொண்டர் பாய்ந்து வந்தார்.

“தலைவர் பேனர்ல கை வெச்சா, கை இருக்காது.”

“எனக்கு ஏதுண்ணே கை?”

“அப்ப இறக்கை இருக்காது.”

தேர்தல் அதிகாரியிடம் பறந்தான். அதிகாரி ஆமையார் நல்லவர். “அநியாயமா இருக்கே தம்பி. ஆளெல்லாம் அனுப்ப மாட்டேன். நானே நேர்ல வந்து அவுக்கறேன்” என்று அப்போதே கிளம்பிவிட்டார்.

அவர் நடையைப் பார்த்ததுமே இருளப்பனுக்கு நம்பிக்கை போய்விட்டது. திரும்பி வந்து, “புள்ள, உள்ளேருந்து தட்டு” என்றான். சத்தம் சரியாகக் கரடியாரின் சிரித்த வாய்க்குப் பின்னாலிருந்து வந்தது. குரங்கார் கண்ணசந்த நேரம் பார்த்து அந்த வாயில் ஓட்டை போட்டான். பழம் உள்ளே போனது. குஞ்சின் கத்தல் அடங்கியது. அவனுக்கும் உயிர் வந்தது.

ஆனால் அணில் ஒன்று பார்த்துத் தொலைத்தது. தலைவர் படம் பழம் தின்கிறது என்று காடே திரண்டது. மானும் பன்றியும் பழத்தோடு வரிசையில் நிற்க, எட்டாதவர்களுக்குக் குரங்கார் வாங்கிப் போட்டார். உள்ளே இருப்பவள் எச்சத்தையும் அந்த வழியாகத்தானே தள்ள வேண்டும்? தள்ளினாள். தலைவர் வாக்குறுதி தருகிறார் என்று கீழே நின்றவர்கள் தலையைக் காட்டினார்கள்.

கரடியார் அமோகமாக ஜெயித்தார். முதல் பழம் ஊட்டிய தொண்டன் என்று இருளப்பன் கழுத்தில் துண்டு போட்டு, கிளைச் செயலாளர் ஆக்கினார். பேனரின் அடியில் தபால்தலை அளவுக்கு அவன் படமும் ஏறியது. அதை அவன் நாளெல்லாம் எதிர்க்கிளையில் உட்கார்ந்து பார்த்தான்.

“ஏங்க, குஞ்சுக்கு ரெக்கை முளைச்சாச்சு. மறைப்பை எடுக்கச் சொல்லுங்க, வெளிய வர்றோம்” என்றாள் பூவாயி.

“பாப்போம் புள்ள.”

தேர்தலையே எல்லாரும் மறந்த பிறகு, ஆமையார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “எங்க தம்பி அந்தக் கயிறு?”

இருளப்பன் துண்டைச் சரிசெய்துகொண்டான். “தலைவர் பேனர்ல கை வெச்சா, கை இருக்காது.”

உள்ளேயிருந்து டொக் டொக் என்று தட்டும் சத்தம் கேட்டது.

“அது என்ன தம்பி?”

“தலைவர் இருமறாரு.”

நீதி: அதிகாரிகள் நிதானமாகவே வரட்டும், அவர்கள் வந்து சேர்வதற்குள் புகார் கொடுத்தவர் கட்சியில் சேர்ந்திருப்பார்.