கருகிய சுட்டுவிரல்

விரல் கழன்று விழுந்தபோது மத்தியாஸ் சேர் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எலும்பைப் பற்றித்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். ஆய்வுகூட மூலையில் தொங்கிய பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் கையைத் தூக்கிக் காட்டினார். சுட்டுவிரலில் ஒரு துண்டு மேசையில் விழுந்து உருண்டது.

அவர் மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வந்ததுமே சாமானை உடைத்தார் என்ற பேர் எதற்கு? பிள்ளைகள் போனதும் கதவைச் சாத்தினார். ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி விரல் துண்டின் நுனியில் வைத்தார். பிளாஸ்டிக் உருகும், அப்படியே ஒட்டிவிடலாம் என்று நினைப்பு.

உருகவில்லை. முடி கருகும் வாடை வந்தது.

நிஜ எலும்பைச் சுட்டால்தான் அந்த வாடை வரும். சந்தேகம் தீரட்டும் என்று துண்டை வினாகிரி என்கிற புளிக்காடியில் போட்டு வைத்தார். குமிழி கிளம்பியது. சில நாளில் எடுத்துப் பார்த்தால் ரப்பர் போல வளைந்தது. சுண்ணாம்பெல்லாம் கரைந்து, நார் மட்டும் மிஞ்சியிருந்தது.

பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை, அதிபர் சண்முகவடிவிடம் ஓடினார்.

"டீச்சர், நம்ம எலும்புக்கூடு பிளாஸ்டிக் இல்ல. மனுசன்."

அதிபர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "என்னா சேர் சொல்றீங்க?"

"எலும்புங்கிறது சும்மா கல்லு இல்ல டீச்சர். உள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருள்ள கலம் இருக்கும், ரத்தக்குழாய் ஓடும், பழசு கரைஞ்சு புதுசு கட்டிக்கிட்டே இருக்கும். ஒரு மனுசன் வாழ்நாள் பூரா கட்டினதுக்கு நான் சூடு வச்சிட்டேன்."

"மத்த எலும்பையும் பாத்தீங்களா?"

"தொட மனசு வரல டீச்சர்."

"அப்ப தொடாதீங்க. ஒரு விரலைச் சுட்டது போதும். யாருக்கும் சொல்லவும் வேணாம்."

ஆய்வுகூடத்துக்குப் பெரிய பூட்டாகப் போட்டார் அதிபர். இதுவரை பூட்டாத அறை. மத்தியானத்துக்குள் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. பின்னேரம் தோட்டத்து லயம் வீடுகள் முழுக்கத் தெரிந்துவிட்டது. காலையில் பெற்றோர் வாசலில் கூடினார்கள். சமாதானம் செய்யலாமென்று அதிபர் கதவைத் திறந்து காட்டியதுதான் பெரிய தப்பு.

கொழுந்து பறிக்கும் அழகம்மா மண்டையோட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரருதான்" என்றார். கொழும்புக்கு வேலைக்குப் போய்த் திரும்பாதவர் அவர். "பல்லு அதே பல்லு. ஆனா இவ்வளவு நிமிந்து நின்னதில்ல."

யாரும் சிரிக்கவில்லை.

"அக்கா, நல்லாப் பாருங்க" என்றார் மத்தியாஸ்.

"அந்தப் பல்லுக்கு எத்தன வருசம் சோறாக்கிப் போட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா சேர்?"

பொலிசுக்குச் சொல்லலாம் என்று அதிபர் வாயெடுத்தார். கூட்டம் விடவில்லை. "கொண்டுபோனா திருப்பித் தரமாட்டாங்க. நம்ம ஆளை நாமளே அடக்குவோம்."

தப்பு மேளம் அடித்தார்கள். சவப்பெட்டியைத் தூக்கியவர்கள், "பாவம், எவ்வளவு எளைச்சிட்டாரு" என்று கண் கலங்கினார்கள். கோயிலுக்கல்ல, சேர்ச்சுக்குப் போகிற மத்தியாஸ் தூறலில் செருப்பில்லாமல் முன்னால் நடந்தார். குழியில் இறக்கும்போது அந்த வளைந்த விரலைப் பெட்டிமேல் வைத்து, "மன்னிச்சிருங்கய்யா" என்றார். அழகம்மா சத்தமில்லாமல் மூன்று பிடி மண் போட்டுவிட்டு, இத்தனை வருசத்துக்கும் சேர்த்து அழுதார்.

அப்போதுதான் ஷாமிலா டீச்சர் குடையோடு வந்து சேர்ந்தார். மத்தியாசுக்கு முன்னால் அங்கே விஞ்ஞானம் படிப்பித்தவர். இப்போது ஹட்டனில் வேலை. பள்ளிக்கூடத்தில் சாவு என்று கேள்விப்பட்டு பஸ் ஏறியிருக்கிறார்.

"யாரு சேர் செத்தது?"

மத்தியாஸ் நடந்ததையெல்லாம் சொன்னார். ஷாமிலாவின் முகம் வெளுத்துப்போனது. அவரைத் தேயிலைச் செடிப் பக்கம் ஒதுக்கிக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தினார்.

"சேர், அது பூரா பிளாஸ்டிக்தான். போன வருசம் ஒரு விரல் துண்டு தொலைஞ்சுபோச்சுனு, சாப்பாட்டுல கெடந்த கோழி எலும்பை அராவி நான்தான் ஒட்டி வச்சேன்."