ரங்கூன் மேசையை அறுத்த கதை

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை, ஆடுற மேசை ஒண்ணை ஆடாமப் பண்ணிட்டு வர்றது. அவ்வளவுதான்.

வருசம் அறுபத்திரண்டோ மூணோ இருக்கும். நாங்க காரைக்குடியில தச்சு வேலை பாக்குற குடும்பம். பர்மாவுல இருந்து திரும்பி வந்த ஒரு அம்மா நாலு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தாங்க. கதவு, சன்னல் எல்லாம் புதுசாப் போடணும். முதல்ல இந்த மேசையைச் சரி பண்ணுங்க, வேலை பிடிச்சிருந்தா கதவும் உங்களுக்கேன்னு அப்பாகிட்டச் சொல்லிட்டாங்க.

ரெண்டு வருசத்துச் சோறு அந்தக் கதவுலதான் இருந்துச்சு. அப்பாவுக்கு அன்னிக்கு பக்கத்து ஊரு நெற்குப்பையில ஒரு வீட்டுக்கு வாசல் நிலை வைக்குற வேலை, நல்ல நாளை மாத்த முடியாது. அதனால என்னை அனுப்பினார். பாவம், அவருக்கு வேற பிள்ளை இல்லை.

எங்க வீட்டுப் பேச்சைப் பத்திச் சொல்லியாகணும். பட்டறையில நாள் முழுக்க உளிச் சத்தம். அதுக்கு மேல கேட்டாத்தான் அது பேச்சு. அப்பா ஒரு வேலையை முதல் தடவை சொன்னா, சும்மா சொல்றார். ரெண்டாந்தடவை குரல் ஏறும், அப்பவும் அவசரமில்லை. மூணாந்தடவை கழுத்து நரம்பு தெரியும். அப்ப எந்திரிப்போம். இதுல யாருக்கும் வருத்தம் கிடையாது.

அந்த அம்மா முப்பது வருசம் ரங்கூன்ல இருந்தவங்க. அந்த ஊர்ல குரலை ஒசத்துறது மரியாதைக் குறைவாம். கோவம் வந்தா இன்னும் மெதுவாப் பேசுவாங்களாம். இது எனக்கு அப்புறமாத் தெரிஞ்சது. தெரிய வேண்டியது எல்லாமே எனக்கு அப்புறமாத்தான் தெரியும்.

மேசை அசல் பர்மாத் தேக்கு. செத்துப்போன வீட்டுக்காரர் உக்காந்து எழுதுனதுன்னு, மத்த சாமானையெல்லாம் விட்டுட்டு இதை மட்டும் கப்பல்ல ஏத்திக் கொண்டாந்திருக்காங்க.

"மேசையில கோளாறு இல்லை தம்பி. தரையில கல்லு ஒண்ணு அமுங்கியிருக்கு. கால் அடியில சின்னதா ஒரு கட்டை வச்சாப் போதும். அறுத்துறாதீக"ன்னாங்க.

காதுல விழுந்துச்சு. ஆனா அவ்வளவு மெதுவான குரல்ல எங்க வீட்டுல சாமிகிட்ட மட்டும்தான் பேசுவாங்க. ஏதோ தனக்குத்தானே சொல்லிக்கிறாங்கன்னு விட்டுட்டேன்.

மேசையை இழுத்துப் போட்டு ஒரு காலை அறுத்தேன். திருப்பி வச்சேன். ஆடுச்சு. கொஞ்சம் நகத்தி வச்சதுல இப்ப வேற கால் அந்தப் பள்ளத்துக் கல்லு மேல நிக்குதுன்னு என் மூளைக்கு எட்டலை. அடுத்த காலை அறுத்தேன்.

அந்தம்மா ரெண்டாந்தடவை சொன்னாங்க, வேணாம் தம்பின்னு. முன்னைக்கு இப்பக் குரல் இறங்கியிருந்துச்சு. சரி, சமாதானம் ஆயிட்டு வர்றாங்கன்னு நெனச்சேன்.

மூணாவது காலுக்கு அவங்ககிட்ட இருந்து வெறும் மூச்சுதான் வந்துச்சு. முழுச் சம்மதம்னு எடுத்துக்கிட்டு ரம்பத்தை இன்னும் வேகமாப் போட்டேன்.

இப்படியே ரெண்டு சுத்து வந்தாச்சு. கடைசியில பாத்தா, சப்பணம் போட்டு உக்காந்தா எலை போட்டுச் சாப்பிடலாம், அந்த உசரத்துல நிக்குது மேசை. அந்தம்மா அதையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, போயிட்டு வாங்க தம்பின்னாங்க. குனிஞ்சு காதைக் கொடுத்துத்தான் அதைக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்டப் பெருமையாச் சொன்னேன். தங்கமான மனுசி, ஒரு வார்த்தை அதட்டிப் பேசலை, கதவு நமக்குத்தான்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னேன்.

மறுநாள் காலையில அப்பா அளவுகோலை எடுத்துக்கிட்டுப் போனார். அரை மணி நேரத்துல திரும்பிட்டார். அங்க வேற ஒரு ஆசாரி கதவுக்கு அளவு எடுத்துக்கிட்டு இருந்தாராம்.

அப்பா கத்துவார்னு நான் தயாரா நின்னேன். அவர் கத்தலை. மரக்கட்டை மேல உக்காந்து, "கதவு போச்சுடா"ன்னார். அவ்வளவு மெதுவா அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"மேசை இப்ப எப்படிப்பா இருக்கு?"ன்னு கேட்டேன்.

அதே குரல்ல சொன்னார்: "இன்னும் ஆடுது."