மண்ணச்சநல்லூர் ரயில்

படித்தவள் சொல்லும் பொய் பொய்யாகத் தெரியாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். வீட்டில் சரிபார்க்க ஆள் இல்லை.

எம்.ஏ. பொருளாதாரம் முடித்ததும் ஸ்ரீரங்கத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் நேர்காணல். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அரசு செய்யும் செலவை ஆராயும் வேலை. அரிசி ஆலையில் நெல் காயவைக்கும் அம்மா, வேலை கிடைத்துவிட்டதாகவே தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். கிடைக்காவிட்டால், பொம்பளைப் பிள்ளையை இவ்வளவு படிக்க வைத்ததே தப்பு என்று சொல்லச் சித்தப்பா தயாராக இருந்தார். (வேறு எதற்கும் அவர் நேரத்துக்கு வந்ததில்லை.)

எதிரே ஒரு சாரும் ஒரு மேடமும். அரசிடம் இருக்கும் பணத்தைப் பஸ்ஸுக்குக் கொடுப்பீர்களா, ரயிலுக்கா என்று சார் கேட்டார். நான் அதுவரை ரயிலில் ஏறியதே இல்லை. ஆனால் பஸ் என்றால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்களே! ரயிலுக்குத்தான் என்றேன். பஸ்ஸுக்குக் கொட்டுவது வீண் என்று பத்து நிமிடம் பேசினேன். சார் குறிப்பெடுத்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"நானே இன்னிக்கு ரயில்லதான் சார் வந்தேன்."

எந்த ஊரிலிருந்து என்றார் மேடம். மண்ணச்சநல்லூர் என்றேன். எங்கள் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. மேடமுக்கு அது தெரிந்திருந்தது, முகத்தில் காட்டவில்லை.

"டிக்கெட் எவ்வளவும்மா?"

பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது. "லேடீஸுக்கு ஃப்ரீதானே மேடம்."

டவுன் பஸ்ஸில்தான் ஃப்ரீ. மேடம் சார் பக்கம் திரும்பி, "நான்தான் இத்தனை வருஷமா காசு கொடுத்துப் போயிட்டிருக்கேன் போல" என்றார்.

அப்புறம் உண்மையைச் சொன்னேன். அந்த இலவச பஸ் இல்லையென்றால் என் படிப்பு பாதியில் நின்றிருக்கும் என்பதையும் சொன்னேன். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் சார். நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை வேறு ஒருவருக்குப் போனது. சத்திரம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, இலவசப் பயணத்தால் என்ன பயன் என்று பெண்களிடம் கேட்டு எழுதுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது அம்மாவுக்கு ஒரே சந்தேகம்தான். "அப்ப ரயில்ல நமக்கும் காசா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் பொய் சொன்னாலும், எந்த ஸ்டேஷனில் ஏறினாய் என்பதுதான் கேள்வி. போன வாரம் அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம், நான் பஸ்ஸுக்கெல்லாம் ஆபீசர் என்று அளந்துகொண்டிருந்தாள்.

"எந்த ஸ்டேஷன்லம்மா ஏறின?" என்றேன்.

அம்மா அசரவில்லை. "நீ ஏறின அதே ஸ்டேஷன்லதான்டி."