லிஃப்ட் பற்றி ஒரு புகாரும் இல்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், வீடு நலம், உன் அம்மாவின் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. அந்த முழங்காலை முன்னிட்டுத்தான் இந்தக் கடிதம். கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு, "அப்பா சொல்றதுதான் சரி" என்று ஒரே ஒரு வரி சொல்லிவிடு. ஆறு நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை. மேஜையில் வைக்கும்போது சாப்பாட்டுத் தட்டுதான் பேசுகிறது.

விஷயம் இதுதான். நம் கட்டடத்து லிஃப்டை மாற்ற வேண்டும், ஐந்து மாடி ஏற இந்த முழங்காலால் முடியாது என்று அம்மா கூட்டத்தில் எழுந்து சொன்னாள். கட்டட உரிமையாளர் சிரித்துக்கொண்டே, "புகார்ப் புத்தகத்துல லிஃப்டைப் பத்தி ஐம்பது புகார் காட்டுங்க, அடுத்த மாசமே புதுசு மாட்டிடறேன்" என்றார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான்தானே, பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. பதினோரு வருஷப் புகார்கள், நான்கு தடிப் புத்தகங்கள். தட்டச்சு மையத்தில் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று, தேடும் வசதி செய்வதுதான் பாக்கி. "அதெல்லாம் எதுக்கு, நாலு புத்தகத்தையும் குடுங்க, நானே எண்ணிடறேன்" என்றாள் அம்மா. முப்பத்தாறு வருஷம் சட்டைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவனிடம் இப்படிச் சொன்னால் ரோஷம் வருமா வராதா, நீயே சொல்.

நீ போனில் கற்றுக்கொடுத்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனக்கு ஒரே மூச்சில் பிடிபட்டுவிட்டது. எங்கே வெட்ட வேண்டும் என்று ஒரு பேட்டர்ன் எழுதிக் கொடுத்தால் வாக்கியத்தை அது துண்டு துண்டாக நறுக்கிப் போடும், ஒவ்வொரு துண்டும் ஒரு டோக்கன், எந்த டோக்கன் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அட்டவணை போட்டுக்கொள்ளும், அவ்வளவுதானே? சட்டை வெட்டியவனுக்கு இது கைக்குட்டை. முதல் வெட்டில் கொஞ்சம் சறுக்கியது உண்மை. 'எழுத்து அல்லாத எதைக் கண்டாலும் வெட்டு' என்று எழுதினேன். அந்தப் படுபாவி புள்ளியையும் சுழியையும் கொம்பையும் எழுத்தென்றே ஒப்புக்கொள்ளாமல், 'தண்ணீர்' என்பதை தண, ண, ர என்று கிழித்துப் போட்டது. விடுவேனா? அந்தக் குறிகளையும் சதுர அடைப்புக்குள் சேர்த்துத் தைத்தேன். தண்ணீரில், தண்ணீருக்கு, தண்ணீரால் என்று நீண்ட வால்களையும் நறுக்கி எல்லாவற்றையும் ஓர் அளவுக்குக் கொண்டுவந்தேன். கடைசியாக, அடிக்கடி வரும் சொற்கள் தேடலுக்கு உதவாது, எடுத்துவிடுங்கள் என்று நீ சொன்னாயே, அதையும் மறக்கவில்லை. எது அதிகம் வந்திருக்கிறது என்று மெஷினே வரிசைப்படுத்தட்டும் என்று விட்டு, முதல் பத்தையும் அப்படியே குப்பைக் கூடையில் தள்ளச் சொன்னேன். அந்தப் பத்தும் என்னென்ன என்று பார்க்கவில்லை. மேஜைக்குக் கீழே விழுந்த துண்டைக் குனிந்து பார்ப்பவன் மாஸ்டரே இல்லை.

சோதித்துப் பார்த்தேன். 'எறும்பு' என்று போட்டால் பதினேழு புகார். 'நாற்காலி' என்று போட்டால், மேல்வீட்டுக்காரர் இழுக்கும் சத்தம் பற்றி முப்பத்தொன்பது. 'லிஃப்ட்' என்று போட்டேன். பூஜ்யம். எனக்கே ஆச்சரியம்தான். ஆனால் நான் உடம்புக்கு நல்லதென்று எப்போதும் படியில்தானே ஏறுகிறேன், லிஃப்டின் குணம் எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த கூட்டத்தில், உள்ளதை உள்ளபடி வாசித்தேன். உரிமையாளர் எழுந்து வந்து கட்டிக்கொண்டு, "உங்களை மாதிரி ஒரு நேர்மையான மனுஷனை நான் பார்த்ததே இல்லை" என்றார். உன் அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களே! அதுல பாதி என் கையெழுத்துல இருக்குங்க!" என்று சத்தம் போட்டாள். மெஷினுக்குப் பெண்டாட்டி புருஷன் என்றெல்லாம் கிடையாது என்றேன். கைதட்டல். அன்று தொடங்கியது மௌனம்.

இன்னொரு சீர்திருத்தமும் செய்திருக்கிறேன். பிளம்பர், மெக்கானிக் என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்த போன் நம்பர் ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுத்துவிட்டேன். எல்லாம் இப்போது சங்கத்தின் இதே தேடல் பக்கத்தில் இருக்கிறது. ஒரு வார்த்தை தட்டினால் போதும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், வாக்குவாதம் இல்லாமல் நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
அப்பா (செயலாளர்)

பின்குறிப்பு: அம்மாவுக்குப் போன் போட்டுவிடாதே. இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பியபோது, "நானும் வர்றேன். அதான் ஒரு புகாரும் இல்லையே, லிஃப்டுலயே போவோம்" என்றாள். ஆறு நாள் கழித்து வந்த பேச்சு, மறுக்க மனம் வரவில்லை. இப்போது நான்காம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நிற்கிறோம். அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், நான் கதவில் தாளை வைத்து எழுதுகிறேன். முதல் வேலையாக என் போனில் அந்தப் பத்துச் சொற்களைப் பார்த்தேன். ஒரு, இந்த, மீண்டும். நான்காவது, லிஃப்ட். புத்தகம் முழுக்க அதைத்தான் எழுதியிருக்கிறார்கள், எழுதியது அதிகமாகிவிட்டது என்று நான் வீசியிருக்கிறேன்.

மெக்கானிக் நம்பரை 'லிஃப்ட்' என்ற ஒற்றைத் தலைப்பில்தான் போட்டு வைத்திருந்தேன். காவலாளி கீழேயிருந்து, "சார், லிஃப்ட்னு போட்டா ஒண்ணுமே இல்லைன்னு வருது சார்!" என்று கத்துகிறார். அம்மாவுக்கு அந்த நம்பர் மனப்பாடம், அத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறாள். கேட்டேன். "முதல்ல எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன், உரிமையாளருக்கு, தனித்தாளில்: நான் வாசித்தது தவறு, புத்தகங்களை என் மனைவியே எண்ணித் தருவாள், இந்த லிஃப்ட் ஆகாது. அவள் முழங்காலை நான் பிடித்துவிடும்போது எனக்கு வெட்கமாக இருந்தது, அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

கையெழுத்துப் போட்ட பிறகு முதல் எண்ணைச் சொன்னாள், ஒன்பது. அடுத்த எண்ணுக்கு, அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். சரி என்றேன். மூன்றாவதற்கு என்ன கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். நம்பரில் மொத்தம் பத்து எண்கள்.