மேஜர் ஊற்றிய ஒரு போத்தல் தண்ணீர்

இராணுவத்தில் ஒரே ஒரு நாள்கூடச் சேவை செய்யாமல் மேஜர் பதவி வரை உயர்ந்தவர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தார்.

வரிசை வீடுகளாலான எங்கள் தாமான் ஜொகூர் பாருவிலிருந்து ஸ்கூடாய்க்குப் போகும் வழியில் இருக்கிறது. சாலைக்கு எதிர்ப்பக்கம் ஓர் இராணுவ முகாம் இருந்தது. அந்த முகாமின் கால்வாய்களைப் பராமரிக்கும் வேலையில் வாழ்நாளைக் கழித்தவர் மேஜர். துப்பாக்கியைத் தொட்டதில்லை. தொட்டதெல்லாம் மண்வெட்டியும் அடைத்துக்கொண்ட சாக்கடையும்தான். ஆனால் முதுகை நிமிர்த்தி, கைகளை வீசி, இடது காலை முதலில் வைத்து அவர் நடந்து வருவதைப் பார்த்த மாமாக் தேநீர்க் கடை பாய் ஒருநாள், "மேஜருக்கு ஒரு தே தாரிக்" என்று உள்ளே குரல் கொடுத்தார். பதவி அன்றே உறுதியானது. அவரும் மறுக்கவில்லை. சில மாதங்களில், யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகும் கால்வாய்கள் அவரை விடவில்லை. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பதற்கு முன் மண்டபத்துச் சாக்கடையைப் பார்ப்பார். ஒருமுறை மாப்பிள்ளையின் அப்பாவிடம், "லொங்காங் வாட்டம் சரியில்ல. சாப்பாட்டு நேரத்துல மழ வந்தா பின்வரிசையில உள்ளவங்க காலத் தூக்கிக்கணும்" என்று சொல்லிவிட்டு மொய்க்கவரைக் கொடுத்தார். மனிதர் முகம் சுளித்தார். ரசம் ஊற்றும்போது மழை வந்தது. பின்வரிசையில் நானும் இருந்தேன். காலைத் தூக்கிக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

ஒருநாள் முகாமிலிருந்து லாரிகள் வரிசையாக வெளியேறின. இராணுவம் வேறு இடத்துக்குப் போகிறது, முகாம் நிலம் மேம்பாட்டுக்குக் கைமாறுகிறது என்றார்கள். வேலியில் பெரிய பலகை ஏறியது. அடுக்குமாடி வீடுகள், பேரங்காடி, ஏரிக்கரைப் பூங்கா. அங்கே ஏரி எதுவும் இல்லை என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

எங்கள் தாமான் மக்கள் ஆழ்ந்த கவலையில் மூழ்கினார்கள். பேரங்காடியில் கார் நிறுத்தக் காசு கேட்பார்களா என்பது முதல் கவலை. எந்தக் கடைகள் வரும் என்பது இரண்டாவது. நாட்டின் பாதுகாப்பு என்ன ஆவது என்று வாட்சாப் குழுவில் ஒருவர் கேட்டார். அவருக்கு மூன்று பேர் கைகூப்பும் படம் அனுப்பிவிட்டு, பேச்சைப் பேரங்காடிக்கே திருப்பினார்கள். குடியிருப்பாளர் சங்கத் தலைவர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், "வளர்ச்சிய நாம தடுக்கக் கூடாதுலா" என்று குரல் பதிவு போட்டார். அவர் வீடு முனை வீடு. வேலியைத் தாண்டியிருந்த அரசாங்க நிலத்தில் கொஞ்சம் அவர் ஏற்கெனவே தன்னளவில் வளர்ச்சிக்கு உட்படுத்தியிருந்தார். அதில் சிமெண்டு பூசி, தொட்டி கட்டி, ஜப்பான் கொய் மீன் வளர்த்தார்.

சங்கத்துக்கு நான் செயலாளர். மலாயில் பிழையில்லாமல் தட்டச்சுச் செய்யத் தெரிந்தது என்னுடைய ஒரே தகுதி, என்னுடைய ஒரே குற்றமும் அதுதான். பலகை ஏறிய மறுநாள் மேஜர் என் வாசலில் நின்றார்.

"செக்ரட்டரி, ஒரு ரிப்போர்ட் எழுதணும்."

"என்ன ரிப்போர்ட், அங்கிள்?"

"எதிர்ல இருக்கே பெரிய திடல், அது சும்மா திடல் இல்லம்மா. மழ பேஞ்சா நம்ம தாமான் தண்ணி ரோட்டுக்கு அடியில பூந்து அங்கதான் போய் உக்காரும். இவங்க அதுல மண்ணப் போட்டு ஒசத்தப் போறாங்க. அப்ப தண்ணி எங்க உக்காரும்? நம்ம ஹால்ல, சோபாவுல உக்காரும்."

அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சினேன். 'நிலைமை: மோசம். எதிரி: தண்ணீர். வரும் திசை: எல்லாத் திசையும்.' நான் அதை நாகரிகமான அலுவலக மலாயில் மாற்றி வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"எல்லாம் சரி. எதிரி எங்க?"

"எடுத்துட்டேன், அங்கிள். லெட்டர்ல அப்படியெல்லாம் போட மாட்டாங்க."

"எதிரி இல்லாம என்னம்மா ரிப்போர்ட்டு? போடுங்க."

போட்டேன். மாதத்துக்கு ஒன்றாகக் கடிதங்கள் போயின. அமைச்சுக்கு, நகராண்மைக் கழகத்துக்கு, மேம்பாட்டு நிறுவனத்துக்கு. பதில்களும் தவறாமல் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே செய்தி: தங்கள் கடிதம் சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. அந்தச் சம்பந்தப்பட்ட பிரிவு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் நேரிலேயே போய்விடலாம் என்று மேஜர் பேருந்து விசாரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் பொது விளக்கக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. குளிரூட்டிய மண்டபம், கொறிக்கக் கறிபாப், பை நிறையப் பிரசுரங்கள். நடுவில் பெரிய மேசையில் வரப்போகும் நகரத்தின் மாதிரி. விரல் உயரக் கட்டடங்கள், பஞ்சு மரங்கள், நீலக் கண்ணாடியில் ஏரி. திட்ட நிலம் மட்டும் மேடாக, கேக் மாதிரி உயர்ந்திருந்தது. அதன் விளிம்புக்குக் கீழே, பெயர்கூட எழுதாமல், சாம்பல் நிறத்தில் சில சதுரங்கள். அவைதாம் நாங்கள்.

மேசைக்குப் பக்கத்தில் சாம்பல் நிறக் காற்சட்டையில் நிறுவன முதலாளி, ஒரு டத்தோ, உட்கார்ந்திருந்தார். நிறுவனத்தின் இளைஞர் ஒருவர் படம் போட்டு விளக்கினார். படத்தில் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜொகூர் வெயிலில் அப்படிச் சிரித்துக்கொண்டு ஓடும் மனிதர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. கேள்வி உண்டா என்று கேட்டதும் மேஜர் எழுந்தார். மலாயில், மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டார்.

"அது பற்றிய ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது, பாக்சிக்" என்றார் இளைஞர், மிகுந்த பணிவோடு.

"முடிஞ்சதும் சொல்லுவீங்களா?"

"கண்டிப்பாகச் சம்பந்தப்பட்ட பிரிவு சொல்லும்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் மேஜரின் முகத்தில் ஓர் அமைதி வந்தது. எல்லோருக்கும் கொடுத்திருந்த மினரல் தண்ணீர் போத்தலைத் திறந்தார். இடது காலை முதலில் வைத்து மேசைக்கு நடந்தார். பேரங்காடியின் உச்சியில் ஆரம்பித்து, தோட்டத்துக்கு ஊற்றுவதுபோல நிதானமாக, முழுப் போத்தலையும் ஊற்றினார்.

தண்ணீர் அடுக்குமாடிகளுக்கு நடுவே புகுந்து, பஞ்சு மரங்களைச் சாய்த்து, நீலக் கண்ணாடி ஏரியை எட்டியும் பார்க்காமல் தாண்டி, விளிம்பில் இறங்கி, சாம்பல் சதுரங்களில் தேங்கியது. அட்டை வீடுகள் ஒவ்வொன்றாக மேசையை விட்டுப் பெயர்ந்து மிதந்தன. அங்கும் இடம் போதாமல் மிச்சத் தண்ணீர் டத்தோவின் மடியில் வழிந்தது.

"ஆய்வு முடிஞ்சிருச்சு" என்றார் மேஜர். இது தமிழில். பிறகு கையை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு சல்யூட் வைத்தார். மண்டபத்துக் காவலாளிகள் இருவர் வந்து அவரை வெளியே கூட்டிப் போனார்கள். அவர் நடந்த நடையில், அவர்தான் அந்த இருவரையும் கைது செய்து அழைத்துப் போகிறார் என்று தோன்றியது.

அடுத்த நாள் சங்கத்தின் அவசரக் கூட்டம். தலைவர் கொதித்துப்போயிருந்தார். "நம்ம மானமே போச்சு. மன்னிப்புக் கடிதம் எழுதுங்க, செக்ரட்டரி." நான் எழுதினேன். 'மேற்படி நபர் எங்கள் சங்கத்தைப் பிரதிநிதிக்கவில்லை, அவருடைய செயலுக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறோம்.' இரண்டு வருடம் அவருக்காகக் கடிதம் எழுதிய அதே விரல்கள்தாம். எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் பதினைந்து பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தைரியம் வரவில்லை. இதை இப்போது சொல்வதால் எனக்குப் பெருமை எதுவும் இல்லை.

கடிதத்தின் நகலை யாரோ அவரிடம் காட்டியிருக்கிறார்கள். மாலையில் அதை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் வெளியே போனேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க. மலாய் சுத்தமா இருக்கு" என்றார். "தேதி போட மறந்துட்டீங்க. தேதி இல்லாத ரிப்போர்ட்ட எவனும் மதிக்க மாட்டான்."

அவ்வளவுதான். போய்விட்டார். அதன் பிறகு என்னிடம் கடிதம் எழுதச் சொல்லி வரவில்லை.

திட்டம் வேகம் பிடித்தது. முகாமின் மரங்கள் விழுந்தன. லாரி லாரியாகச் செம்மண் வந்து திடல் உயர்ந்தது. சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் வழியின் மறுபக்க வாய், அந்த மண்ணுக்குள் எங்கோ மறைந்தது. எங்கள் வாட்சாப் குழுவில் பேரங்காடியில் திரையரங்கு வருமா என்று விவாதம் நடந்துகொண்டிருந்தபோது பருவமழை ஆரம்பித்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். இரண்டு மணிநேர மழை. தண்ணீர் சாலையில் நின்றது, கேட்டைத் தாண்டியது, கார் நிறுத்துமிடத்தில் ஏறியது, பிறகு அழைக்காமலே வீட்டுக்குள் வந்தது. நான் என் சோபாவைப் பார்த்தேன். மேஜர் சொன்னபடி தண்ணீர் உட்கார்ந்துகொண்டிருந்தது. நகராண்மைக் கழகத்துக்குப் போன் செய்தவர்களுக்கு, புகார் சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்படும் என்று பதில் வந்தது.

அப்போது மேஜர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். தோளில் மண்வெட்டி, கையில் கடப்பாரை. எங்கள் வரிசையில் யார் வீட்டையும் பார்க்கவில்லை. நேராக முனை வீட்டுக்குப் போய், தலைவரின் மீன் தொட்டிக்கு முன்னால் நின்றார்.

"தலைவரே, இந்தத் தொட்டிக்குக் கீழ பழைய லொங்காங் இருக்கு. ஆர்மிக்காரங்க அந்தக் காலத்துல வெட்டுனது, நேரா ஆத்துக்குப் போவுது. நான் பல வருசம் சுத்தம் பண்ணியிருக்கேன். நீங்க அது வாய மூடித்தான் மீன் வளக்குறீங்க."

"மேஜர், அது ஒவ்வொண்ணும் எவ்வளவு வெல தெரியுமா?"

"தெரியாது. உங்க மாமியார் எங்க உக்காந்திருக்காங்க, அதச் சொல்லுங்க."

தலைவரின் மாமியார் சாப்பாட்டு மேசைமீது காலை மடித்து உட்கார்ந்திருந்தார், மடியில் அரிசிப் பையுடன். தலைவர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, "ஒடைங்க" என்றார்.

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் இராணுவத்தில் சேர்ந்தோம். வழக்கறிஞர் ஒருவர் கல் தூக்கினார். பாய் கடையை அப்படியே விட்டுவிட்டு வாளியோடு வந்தார். தலைவரே கடப்பாரையைப் பிடித்தார். மேஜர் நடுவில் நின்று, "நீ எடம், நீ வலம், பேசாம தோண்டு" என்று உத்தரவு போட்டார். எனக்கும் ஒரு மண்வெட்டி கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல். தொட்டி உடைந்து சிவப்பும் வெள்ளையுமாகக் கொய் மீன்கள் தெருவில் நீந்திப் போயின. சிலவற்றைப் பாத்திரத்தில் பிடித்தோம். மற்றவை சுதந்திரம் பெற்றன. இருட்டுவதற்குள் கால்வாயின் வாய் திறந்தது. அடைப்பு விலகியதும் தண்ணீர் ஒரு பெருமூச்சு விட்டதுபோல இரைந்து, சுழன்று, இறங்கிப் போனது.

மேஜர் குனிந்து கால்வாய்க்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போய், "அந்த லெட்டர் நான் எழுதியிருக்கக் கூடாது, அங்கிள்" என்றேன்.

"நீங்க எழுதலன்னா வேற எவனாச்சும் தப்புத்தப்பா எழுதியிருப்பான்" என்றார். "அந்தக் கல்ல நகத்துங்க, தண்ணி முட்டுது."

அந்த வாரமே நான் புதிய கடிதம் எழுதினேன், தேதியோடு. இந்த முறை தாமான் முழுவதும் கையெழுத்துப் போட்டது, தலைவர் முதல் ஆளாக. எல்லோர் வீட்டுச் சோபாவின் படங்களையும் இணைத்தோம். கடைசியில் ஒரு தீர்வு வந்தது. நிலம் திரும்பவில்லை, அடுக்குமாடியும் நிற்கவில்லை. ஆனால் திட்டத்தின் ஒரு மூலையில் மழைநீரைத் தேக்க உண்மையாகவே ஒரு குளம் வெட்டினார்கள், பழைய கால்வாயையும் அகலப்படுத்தினார்கள். திறப்பு விழாவில் பேசியவர்கள், நிறுவனத்தின் தொலைநோக்கில் உதித்த குளம் இது என்றார்கள். கைதட்டினோம். மேஜருக்கு அழைப்பு இல்லை. அவர் வேலிக்கு வெளியே நின்று மதகைப் பார்த்து, "ஒரு சாண் ஒசரமா வச்சிட்டானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அவர் ரெங்கம் என்ற சிற்றூரில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் கட்டளைக்குப் பணிய மறுத்ததால் மகள் வந்து கூட்டிப் போனாள். அங்கே சுற்றிலும் செம்பனைத் தோட்டம், தண்ணீருக்குப் போக இடம் ஏராளம், குறைசொல்ல ஒரு சாக்கடை கிடையாது. மனிதர் நொந்துபோயிருக்கிறார். மழை இருட்டினால் எனக்குப் போன் வரும்.

"அங்க மழையா?"

"ஆமா, அங்கிள். நல்ல மழ."

"தண்ணி ஓடுதா?"

"ஓடுது."

"போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க."

குடையை எடுத்துக்கொண்டு முனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். "சரி" என்று வைத்துவிடுவார். நலமா என்று ஒருநாளும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. இரண்டு வாரம் சேர்ந்தாற்போல வெயில் காய்ந்தால் மட்டும், நானே அவரைக் கூப்பிட்டு, இங்கே நல்ல மழை என்று சொல்கிறேன்.